சஹனில் வைத்த கை

கச்சான் காற்று தொடங்கிவிட்டால் சாய்ந்தமருதில் குசினிக்குள் நிற்கும் பெண்களுக்கு நிம்மதி கிடையாது. வயல் பக்கத்து அனலை அள்ளிக்கொண்டு வந்து வீசும். அடுப்புத் தீ சட்டியை விட்டுவிட்டுச் சுவரை எரிக்கும். முற்றத்து மணல் சோற்றுப் பானைக்குள்ளும் வந்து விழும். றாஹிலா நனைத்த சாக்கொன்றை ஜன்னலில் தொங்கவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு, சோற்றுக்குக் கீரி மீன் ஆணம் காய்ச்சிக்கொண்டிருந்தாள். காலையில் அவித்த பிட்டு அப்படியே கிடந்தது. பிறகு செய்த முட்டைப் பொரியலும் கிடந்தது. இது மகளுக்காக அன்றைக்கு அவள் எடுத்த கடைசி முயற்சி.

மகள் கமீலா குசினி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நான்காம் வகுப்புப் பிள்ளை. வலது கையால் தன் இடது மணிக்கட்டைப் பொத்திப் பிடித்தபடி, ஆடு கட்டியிருக்கும் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்ச பாரு கிளி, கீரி மீன். முள்ளெல்லாம் எடுத்துத் தாறன். ஒரு வாய்."

கமீலா வாயைத் திறக்கவில்லை. சோற்றுக்கும் திறக்கவில்லை, பேச்சுக்கும் திறக்கவில்லை. பேச்சு நின்றது மாரியில். சாப்பாடு நின்றது இந்த வாரம்.

பேச்சு நின்றதற்கு ஊர் ஒரு காரணம் வைத்திருந்தது. புயல். எழுபத்தெட்டாம் ஆண்டு மாரியில் மட்டக்களப்பிலிருந்து எங்கள் கரை வரைக்கும் தென்னைகளை முறித்துப் போட்டுவிட்டுப் போன அந்தப் புயலுக்குப் பயப்படவில்லை என்று எவனாவது சொன்னால் அவன் பொய்யன். பெரிய மனிதர்களே மாதக்கணக்கில் காற்றுச் சத்தம் கேட்டால் எழும்பி உட்கார்ந்தார்கள். ஆகவே ஸமட் சேரின் மகள் புயலுக்குப் பயந்து ஊமையாகிவிட்டாள் என்றதும் எல்லோரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். தகப்பனும் தாயும் கூட ஆட்டினார்கள். அவர்கள் இருவருக்கும் வேறொன்று தெரியும். தெரிந்ததை ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

அப்துல் ஸமட் கணக்கு வாத்தியார். அவரிடம் விட்டால் உலக்கையும் கணக்குச் செய்யும் என்று ஊரில் பகிடியாகச் சொல்வார்கள். புலமைப்பரிசில் சோதினைக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்துவதில் கல்முனைப் பகுதியில் அவருக்கு நிகர் இல்லை. பொத்துவிலில் இருந்துகூடப் பிள்ளைகளைக் கொண்டுவந்து உறவினர் வீடுகளில் தங்கவைத்து அவரிடம் படிப்பித்தார்கள். மெலிந்த மனிதர். சாரனை மடித்துக் கட்டமாட்டார். பிரம்பும் சோக்குக் கட்டியும் இல்லாமல் அவரைப் பார்ப்பது அபூர்வம்.

கமீலா பிறவியிலேயே இடக்கைக்காரி. சின்னதில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. விஷயம் பெரிதானது ஒரு கலியாண வீட்டில். எங்களிடம் விருந்தென்றால் தனித்தனிக் கோப்பை கிடையாது. சஹன் என்கிற பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, நடுவில் இறைச்சி வைத்து, ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். றாஹிலாவின் சாச்சி மகள் கலியாணத்தில் பெண்களுடைய சஹனில் உம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த கமீலா, பசியில், யோசிக்காமல், இடக்கையை நடுச்சோற்றில் போட்டுவிட்டாள். றாஹிலாவின் மைனிக்காரி றம்ஸியா முதல் ஆளாக எழும்பினாள்.

"பீச்சாங்கையப் போட்டுட்டாள். இனி இத ஆருகா தின்னுற? படிப்பிக்கிற மனிசன்ட புள்ளைக்கி இந்த மருவாதையும் தெரியாதா?"

மற்றவர்களும் எழும்பினார்கள். சோறு குவித்தபடியே அந்தச் சஹன் குசினிக்குத் திரும்பிப் போனது. கலியாண வீட்டில் இருந்து திரும்பும் வழியெல்லாம் றாஹிலா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள். அடுத்த நாள் பழைய சீலை ஒன்றில் ஒரு துண்டு கிழித்தாள். சாப்பாட்டு நேரத்தில் மகளின் இடக்கையை முதுகுப் பக்கமாக மடித்து இடுப்போடு கட்டினாள்.

ஸமட் சேர் அதைத் தடுக்கவில்லை. அவருக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. படிக்கிற நேரத்திலும் கட்டினால் எழுத்தும் திருந்தும் என்று நினைத்தார். இடக்கையால் எழுதிய எத்தனையோ பிள்ளைகளை அவர் அப்படித்தான் திருத்தியிருக்கிறார். பெற்றோர் வந்து நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். தன் பிள்ளைக்குச் செய்யாமல் விடுவாரா? தானே கட்டினார். முடிச்சு நல்ல முடிச்சு.

புயல் வந்த மாலையில் கமீலா மேசையில் இருந்து பின்னக் கணக்குச் செய்துகொண்டிருந்தாள். கூரைக் கிடுகு பறந்தது. மூன்று பேரும் பள்ளிவாசலை நோக்கி ஓடினார்கள். ஸமட் சேர் மகளின் வலக்கையைப் பிடித்திருந்தார். ஒழுங்கைக்குக் குறுக்கே தென்னை ஒன்று விழுந்தபோது அந்தப் பிடி விட்டுப்போனது. காற்று பிள்ளையைத் தூக்கி வேலியோரச் சேற்றில் எறிந்தது. கையூன்றி எழும்ப அவளுக்கு ஒரு கைதான் இருந்தது. அவர் தடவிக் கண்டுபிடித்துத் தூக்குமட்டும் அவள் "வாப்பா, வாப்பா" என்று கத்திக்கொண்டிருந்தாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. விடிந்த பிறகுதான் றாஹிலா மகளின் முதுகுப் பக்கத்தைப் பார்த்தாள். ஈரத்தில் முடிச்சு இறுகிப் போயிருந்தது. பக்கத்தில் ஒருத்தியிடம் பிளேட் வாங்கி அறுத்தாள்.

அதன் பிறகு அவர்கள் அந்தக் கையைக் கட்டவில்லை. கட்டவேண்டியும் வரவில்லை. பேச்சில்லாமல் போன பிள்ளை வலக்கையால் ஒழுங்காகச் சாப்பிட்டாள், வலக்கையால் ஒழுங்காக எழுதினாள். ஸமட் சேர் அந்த எழுத்தைப் பார்த்து உள்ளுக்குள் கொஞ்சம் திருப்திப்பட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதற்குப் பிறகுதான் நூல்.

பேச்சு வரட்டும் என்று செய்யாத வைத்தியமில்லை. ஆஸ்பத்திரி மருந்து, தேன், ஓதிய தண்ணீர். போன வெள்ளிக்கிழமை கச்சிமுகம்மது லெப்பையை வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். லெப்பை நல்ல மனிதர், பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும்போது அடிக்காதவர். கறுப்பு நூலில் ஓதி ஊதி முடிச்சுப் போட்டுவிட்டு, "சோத்துக்கைய நீட்டு மகள்" என்றார்.

"லெப்ப மாமா, அந்தக் கையில இல்ல" என்றாள் றாஹிலா. "இடக்கையில கட்டுங்க."

"ஓதின நூல இடக்கையில கட்டுற வழக்கமில்லயே புள்ள."

"இவள்ட கோளாறெல்லாம் அந்தக் கையிலதான் மாமா. அந்தக் கையாலதான் எல்லாம் வந்திச்சி. அதுலயே கட்டுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

லெப்பை தாடியைத் தடவிக்கொண்டு ஸமட் சேரைப் பார்த்தார். ஸமட் சேர் முற்றத்தைப் பார்த்தார். தாயின் அழுகைக்கு மேல் வழக்கம் பேச லெப்பைக்கு மனம் வரவில்லை. முழங்கைக்கு மேலே கட்டினால் குற்றமில்லை என்று சொல்லிக்கொண்டு, பிள்ளையின் இடக்கையைப் பிடித்தார்.

கமீலாவின் வாய் அகலத் திறந்தது. சத்தம் வரவில்லை. கழுத்து நரம்பெல்லாம் புடைக்க அவள் சத்தமில்லாமல் அலறினாள். உள்ளே இருக்கிறது வெளியே போகிறது என்று லெப்பை நினைத்தார். தாயும் தகப்பனும் அப்படி நினைக்க விரும்பினார்கள். றாஹிலா பிள்ளையின் தோளை அமத்திப் பிடித்துக்கொள்ள, நூல் கட்டி முடிந்தது.

அன்றிலிருந்து கமீலாவின் வலக்கை இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது, விடவில்லை. பிடித்துக்கொண்ட கையால் எப்படிச் சாப்பிடுவது? ஊட்டிவிட்டால் துப்பினாள். நித்திரையில் பாலும் தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்கள். டொக்டர் பார்த்துவிட்டு, இன்னும் இப்படியே இருந்தால் மட்டக்களப்புக்குக் கொண்டுபோங்கள், உடம்பு தாங்காது என்றார்.

மீன் ஆணம் இறக்கிய நேரத்தில் வேலிக் கடப்பைத் திறந்துகொண்டு செல்லத்தங்கம் டீச்சர் வந்தார். காரைதீவில் இருந்து பஸ்ஸில் வருகிறவர், கமீலாவின் வகுப்பாசிரியை. ஸமட் சேரும் படிப்பிக்கிற, புயலில் கூரை போன அந்தப் பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்புகள் வேப்பமரத்தடியில்தான் நடந்தன. கதிரை மேசை இல்லை என்று மற்றவர்கள் குறைப்பட்டுக்கொண்டிருக்க, டீச்சர் மணலில் இலக்கம் எழுத வைத்தார், கிணற்றுக் கயிற்றால் முற்றத்தை அளக்க வைத்தார், வாய்ப்பாட்டைக் கைதட்டிப் பாட வைத்தார். ஸமட் சேர் அதற்கு 'விளையாட்டுப் பள்ளிக்கூடம்' என்று பெயர் வைத்திருந்தார். ஆசிரியர்களின் அறையில் சிரிப்பதற்கு அது உதவியது.

டீச்சர் வாங்குப் பலகையில் உட்கார்ந்து குடையை மடக்கினார்.

"பள்ளிக்கு வராததால பாக்க வந்தன் சேர். என்ன செய்யிது புள்ளைக்கு?"

"புயல் பயம் டீச்சர். தெரியுந்தானே" என்றார் ஸமட் சேர்.

"அது நானும் கேள்விப்பட்டன். ஆனா எனக்கொரு ஐமிச்சம். கேட்டாக் கோவிக்கப்படா."

"கேளுங்க."

"வகுப்புல மணல்ல படம் கீறச் சொன்னா எல்லாப் புள்ளையளும் விரலால கீறுங்கள். இவள் கையால கீறமாட்டாள். காலால கீறுவாள். இடது கால் பெருவிரலால. ஒரு நாள் தோணி கீறினாள் சேர். வலை இழுக்கிற ஆக்கள், கயிறு, காகம், எல்லாம் இரிந்திச்சி. நான் புள்ளையளுக்கு அத மிதிக்காம இருங்கோ எண்டு சொன்னன்."

"காலாலயா?" என்றாள் றாஹிலா வாசலில் நின்று.

"ஓம் தங்கச்சி. கையத் தந்தாத் தொடமாட்டாள். ஆரும் கையப் பிடிச்சா நடுங்குவாள். புயலுக்குப் பயந்த புள்ள வானத்த அல்லோ பாக்கவேணும், காத்தடிச்சா ஓடவேணும். இவள் அதுக்கெல்லாம் பயப்படுறல்ல. கைக்குத்தான் பயப்படுறாள். அதான் கேக்கிறன், கைக்கு என்ன நடந்த?"

குசினிக்குள் சாக்கு காற்றில் அடித்துக்கொண்டது. ஸமட் சேர் தொண்டையைச் செருமினார்.

"டீச்சர், உங்கட முறை எனக்கு விளங்குது. பாட்டுப் படிக்க, கீற, கயிறு அளக்க. நல்லதுதான். ஆனா சோதினைத் தாள்ல காலால எழுத ஏலுமா? இடக்கையால எழுதினா மை அழியும், நேரம் போகும். நான் படிப்பிச்ச புள்ளையள் எங்கெல்லாம் இரிக்கிறாங்க எண்டு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் சேர். நான் குறை சொல்ல வரல்ல. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒண்டுதான். பள்ளிக்கூடத்துக்குப் புள்ளைட தலை மட்டும் வாறல்ல. கையும் காலும் வயிறும் பயமும் எல்லாம் சேந்துதான் வருது. ஒண்ட வெளியில விட்டுட்டு வா எண்டா, மற்றதும் வராம நிண்டிரும்."

"இடக்கை எண்டு சொன்னீங்களே" என்று டீச்சர் பிறகு மெதுவாகக் கேட்டார். "நான் இடக்கை எண்டு ஒண்டும் சொல்லல்லயே சேர்."

ஸமட் சேரின் முகம் சுண்டிப்போனது. பதில் றாஹிலாவிடமிருந்து வந்தது. வந்த வேகத்தில் அவளுடைய கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது.

"கட்டினம் டீச்சர். கைய முதுகுக்குப் பின்னால வச்சிக் கட்டினம். தின்னக்குள்ள நான் கட்டினன், படிக்கக்குள்ள இவங்க கட்டினாங்க. புயலடிச்ச நேரம் கட்டின கட்டோடதான் புள்ள ஓடி வந்தாள். சேத்துக்குள்ள விழுந்து ஒத்தக் கையோட கிடந்தாள். இப்ப என்னெண்டா மறுகாவும் நானே கூட்டிவந்து அதே கையில நூலக் கட்டிவிட்டிரிக்கன். என்ட றப்பே, நான் ஒரு தாயா?"

"றாஹிலா!"

"சும்மா இரிங்க. இது என்ட ஊடு. என்ட ஊட்டுலயாவது நான் கதைக்கிறன். இவ்வளவு நாளும் வாயப் பொத்திக்கிட்டு இரிந்த. அவள் கதைக்காம இரிக்கிறாள் எண்டு ஊரெல்லாம் கொண்டு திரிஞ்சமே, நாம ரெண்டு பேரும் கதைச்சமா?"

எங்கள் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண்ணின் சீதன வீட்டுக்கு வந்து குடியிருப்பது. ஆனாலும் ஒரு மனைவி 'என்ட ஊடு' என்ற வார்த்தையைச் சாமானியமாக வாயில் எடுக்கமாட்டாள். றாஹிலா எடுத்ததே இல்லை. ஸமட் சேர் எழும்பி முற்றத்துக்கு இறங்கிவிட்டார்.

டீச்சர் அழுகிறவளின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இனி என்ன டீச்சர் செய்யிற? சொல்லுங்க. நீங்க சொல்லுறதச் செய்யிறன்."

"எனக்கும் தெரியா தங்கச்சி" என்றார் செல்லத்தங்கம் டீச்சர். "தெரிஞ்சா மறைக்கமாட்டன். முதல்ல அந்த நூல எடு."

டீச்சர் போன பிறகு றாஹிலா கத்தரிக்கோலால் நூலை வெட்டினாள். ஓதிய நூல் என்பதால் அதை முத்தமிட்டு, சுவர் மாடத்தில் வைத்தாள். பிறகு மகளின் முன்னால் குந்தி, இடது மணிக்கட்டைப் பிடித்திருந்த வலக்கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "விடு கிளி. நூல் இல்ல பாரு. ஒருத்தரும் கட்டமாட்டாங்க." சுண்டுவிரலைப் பிரித்து முடிக்கும்போது ஆள்காட்டிவிரல் திரும்பவும் போய்ப் பிடித்துக்கொண்டது. மறுபடியும் பிரித்தாள், மறுபடியும் பிடித்தது. பிள்ளை கோபமாகவோ பிடிவாதமாகவோ செய்யவில்லை, அது அவள் வேலை என்பதுபோலச் செய்தாள். சீலைத் துண்டு செய்த வேலையை இப்போது அவளே செய்துகொண்டிருந்தாள்.

அடுத்த நாள் ஸமட் சேர் பள்ளிக்குப் போனார். போகாமல் வீட்டில் இருக்க அவருக்குத் தெரியாது. கிடுகுக் கொட்டிலுக்குள் வரிசையாகப் பிள்ளைகள். பலகையில் கணக்கை எழுதிவிட்டுத் திரும்பினார். முன்வரிசையில் மஜீட் என்கிற பையன் பென்சிலை இடக்கையில் வைத்திருந்தான். அவர் பார்த்ததும் பாம்பைக் கண்டவன்போல வலக்கைக்கு மாற்றினான். அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். சேர் பிரம்பை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். இந்தப் பையனுக்கு என்ன பிடிக்கும், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று யோசித்தார். தெரியவில்லை. அவனுடைய புள்ளிகள் தெரிந்தன. பிறகு கமீலாவை யோசித்தார். அவளுக்கு எந்த ஆணம் விருப்பம்? எதற்குச் சிரிப்பாள்? அவளுக்கு எட்டாம் வாய்ப்பாட்டில் எந்த இடத்தில் தடுக்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தோணி கீறுவாள் என்பது தெரியாது. பத்துப் பதினைந்து வருடமாகப் படிப்பித்த மனிதர், தான் யாருக்கும் ஒன்றும் படிப்பிக்கவில்லையோ என்று அன்றைக்குத்தான் பயந்தார். மணி அடிக்குமட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளும் சத்தம் போடவில்லை. அவர்களுக்கு அவரிடம் சத்தம் போடத் தெரியாது.

நடுப்பகலில் வீட்டுக்கு வந்தபோது பிள்ளை பாயில் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. பிடி மட்டும் விடவில்லை.

"நாளைக்கி விடியக் கார் பிடிங்க" என்றாள் றாஹிலா. "மட்டக்களப்புக்குக் கொண்டு போவம். என்ட புள்ள மௌத்தாகிருவாள்."

ஸமட் சேர் உள்ளே போனார். அலுமாரிக்கு மேலிருந்த தங்கள் வீட்டுச் சஹனை எடுத்தார். சாச்சி மகளின் கலியாணத்துக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை. கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் தானே கழுவினார்.

"என்ன செய்யிறீங்க?"

"சோத்தப் போடு."

"ஆருக்கு?"

"எங்களுக்குத்தான். போடு புள்ள."

றாஹிலா சோற்றைப் போட்டு, மீன் ஆணத்தை ஊற்றி, மாசிச் சம்பலை ஓரத்தில் வைத்தாள். அவர் சஹனை மகளின் பாய்க்குப் பக்கத்தில் வைத்தார். அவளைத் தூக்கி உட்காரவைத்து, சுவரோடு சாய்த்தார். எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பிஸ்மி சொன்னார். பிறகு வலக்கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். இடக்கையைச் சோற்றின் நடுவில் வைத்தார்.

குசினி வாசலில் தண்ணீர்க் கூசாவோடு வந்த றாஹிலா அப்படியே நின்றுவிட்டாள். ஐந்து நேரமும் தொழுகிற மனிதர். இடக்கையால் ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக்கூட அவள் கண்டதில்லை.

அவருக்கு அந்தக் கையால் பிசைய வரவில்லை. பிடித்த சோறு விரலிடுக்கால் உதிர்ந்து சாரனில் விழுந்தது. வாய்க்குக் கொண்டுபோகும் வழியில் மீசையில் ஒட்டியது. இன்னொரு தடவை பிடித்தார். அதுவும் உதிர்ந்தது. கண்ணீரும் மீசைச் சோறுமாக அவர் பார்க்கச் சகிக்காமல் இருந்தார்.

கமீலா பார்த்தாள். முதலில் முகத்தைப் பார்த்தாள். பிறகு சஹனில் கிடந்த கையைப் பார்த்தாள். அவள் கண் பெரிதானது. வாசல் பக்கம் திரும்பி உம்மா நிற்பதைக் கண்டாள். அடுத்த நொடி தன் மணிக்கட்டை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் வாப்பாவின் இடக்கையைப் பிடித்துச் சோற்றிலிருந்து இழுத்து, தன் சட்டைக்குள் ஒளித்து வைத்து அமத்திக்கொண்டாள்.

குரல் துருப்பிடித்துப் போயிருந்தது. மாரிக்குப் பிறகு அந்த வீடு கேட்ட முதல் பேச்சு அது.

"கட்டாதீங்க உம்மா" என்றாள். "வாப்பாக்குத் தெரியா."